மறுமுனையில் யார்?

எங்கள் சிறிய ஆஸ்பத்திரிகளுக்குத் தொலை மருத்துவம் இன்னும் வந்து சேரவில்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அப்படிப் பேசுபவர்கள் அங்கே ஓர் இரவு டியூட்டியாவது பார்த்திருக்க மாட்டார்கள். அது வந்து பல வருடங்களாகின்றன. யாரும் அழைக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தாதிமாரினதும் இளம் டொக்டர்மாரினதும் சொந்தக் கைத்தொலைபேசிகளுக்குள் ஒளிந்துகொண்டு வந்தது.

1990 இல் கண்டித் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, 33 வருடங்கள் வேலை செய்து, 2023 இல் வார்ட் சிஸ்டராக ஓய்வுபெற்றவள் நான். சேவையின் பெரும்பகுதி கண்டியைச் சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளில்தான் கழிந்தது. அதனால் நான் சொல்லப்போவது ஆராய்ச்சியல்ல. வார்ட்டில் நின்று பார்த்தவை மட்டுமே.

ஓய்வுபெற்ற அடுத்த வருடம், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை கேள்விக்கொத்து ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். சுகாதார ஊழியர்கள் தொலை மருத்துவத்தை ஏற்றுக்கொள்ள எவ்வளவு விருப்பமாக இருக்கிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. ‘மிகவும் விருப்பம்’ தொடக்கம் ‘அறவே விருப்பமில்லை’ வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் சரி போட வேண்டும். நல்ல பிள்ளை, கவனமாகத்தான் கேட்டாள். என் பதில் அந்த ஐந்து கட்டங்களுக்குள்ளும் அடங்கவில்லை. ஒரே தாதி இரவில் ‘மிகவும் விருப்ப’மாகவும் பகலில் ‘அறவே விருப்பமில்லாத’வளாகவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அது ஏன் என்று யோசித்துப் பார்த்தபோது எழுதத் தோன்றியதுதான் இது.

முதலில் எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டி மாவட்டத்தில் பெரிய வைத்தியம் எல்லாம் சில மைல்களுக்குள் குவிந்து கிடக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலை (எங்கள் ஆட்களுக்கு அது இன்றும் பெரியாஸ்பத்திரிதான்), பேராதனைப் போதனா வைத்தியசாலை, அதற்குப் பக்கத்திலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை. ஆனால் நோயாளிகளோ தெல்தோட்டையிலும், உடுதும்பறையிலும், மடுல்கலைத் தோட்டங்களிலும், ஹாரிஸ்பத்துவ மலைச்சரிவுகளிலும் இருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் தூரமில்லை. பஸ்ஸில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கிளினிக் நம்பர் எடுக்க சுபஹுக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டு, பத்து நிமிஷம் டொக்டரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று, அஸருக்குப் பிறகு வீடு சேரும் சனம் எத்தனை! ஒரு நாள் சம்பளம் போகும். கூட வருகிற மகனுடைய சம்பளமும் போகும். இந்தப் பயணத்தில் பாதியைக் குறைத்தாலே அது பெரிய தருமம். தொலை மருத்துவத்தை நான் எதிர்ப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். நிபுணர் எவரும் இல்லாத ஒரு சிறிய ஆஸ்பத்திரி. நள்ளிரவு தாண்டியிருந்தது. ஐம்பது வயதுக் கடைக்காரர் ஒருவரை த்ரீவீலில் கொண்டு வந்தார்கள். நெஞ்சு நோ, உடம்பெல்லாம் வியர்வை. டியூட்டியில் இருந்தவர் வேலைக்கு வந்து சில மாதங்களேயான ஒரு சிங்களப் பிள்ளை. ஈ.சீ.ஜீ. எடுத்தோம். அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம். உடனே தன் போனை எடுத்து அந்தக் கடதாசியைப் படம் பிடித்து, கண்டியில் இருதயப் பிரிவில் வேலை செய்யும் தன் பழைய நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. ஐந்தாறு நிமிஷத்தில் கோல் வந்தது. மாரடைப்புதான், இன்னின்ன குளிசையைக் கொடு, தாமதிக்காமல் அனுப்பு என்றார் அவர். கொடுத்தோம். அம்பியூலன்ஸில் ஏற்றினோம். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது அவர் பிழைத்ததைப் பற்றியல்ல. அந்தப் பிள்ளை பீ.எச்.டீ. கட்டில் குறிப்பு எழுதும்போது, நண்பரிடம் ஆலோசித்ததாக அவர் பெயரைப் போடட்டுமா என்று போனிலேயே கேட்டது. “வேண்டாம், எழுதாதே. நான் இன்றைக்கு ஓன் கோல் இல்லை” என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. அவரில் குற்றமில்லை. தூக்கத்திலிருந்து எழும்பி, சம்பளமில்லாத வேலையொன்றைச் செய்து, ஓர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அந்தக் காகிதத்தில் அவர் இல்லை. அந்த ஐந்து நிமிஷமும் இல்லை. வாசிப்பவருக்கு அந்த முடிவை அந்தச் சின்னப் பிள்ளை தன்னந்தனியாக எடுத்தது போலத்தான் தெரியும்.

இதற்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உதவ மனம் இருக்கிறது. உபயோகிக்கத் தெரிந்திருக்கிறது. பெயர் போட மட்டும் யாருக்கும் துணிவில்லை. ஏனென்றால் பெயர் போட்டவரைக் காப்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

இது புதிய விஷயமுமல்ல. ஈ.சீ.ஜீ. கருவியை உருவாக்கிய ஐந்தோவன் என்ற ஒல்லாந்த விஞ்ஞானி, 1905 இலேயே லைடன் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த தன் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக எடுத்தார். அவருடைய கருவி அவ்வளவு பாரமானது. அதை நோயாளியிடம் தூக்கிச் செல்ல முடியாது, நோயாளியையும் அதனிடம் தூக்கிச் செல்ல முடியாது. நாங்களும் ஸ்மார்ட் போன் வருவதற்கு முன்பு, ஆஸ்பத்திரி லேண்ட் லைனில் நின்று கோடு கோடாக விவரித்துச் சொல்லியிருக்கிறோம். ஆனால் லைடனில் கம்பியின் இரு முனையிலும் யார் இருக்கிறார்கள், யார் பொறுப்பு என்பது தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் நூறு வருடம் கழித்தும் அது தெரியவில்லை.

பொறுப்பைப் பற்றிச் சொல்லும்போது என்னோடு வேலை செய்த ஒரு தாதியின் நினைவு வருகிறது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டொக்டர் சொன்னபடி அவள் தன் போனில் ஒரு நோயாளியின் காயத்தைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினாள். படம் தெளிவில்லை. பதில் வரத் தாமதம். நோயாளி மௌத்தானார். குடும்பத்தார் கேள்வி கேட்டார்கள். அதில் நியாயமிருந்தது. விசாரணை நடந்தது. விசாரணையில் பதில் ஏன் தாமதித்தது என்று யாரும் கேட்கவில்லை. “யாருடைய அனுமதியில் படம் எடுத்தீர்?” என்று அவளைத்தான் கேட்டார்கள். எடுக்கச் சொன்னவரிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. அவளுக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவள் வார்ட்டுக்குள் போனை எடுத்துக்கொண்டு வருவதையே விட்டுவிட்டாள். சில வருடங்கள் கழித்து வீடியோ மூலம் நிபுணரைக் காட்டும் திட்டமொன்றைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் “எனக்கு வேண்டாம் சேர்” என்றாள். வந்தவர்கள் அவளை, புதிய தொழில்நுட்பத்துக்குப் பழக்கப்படாதவர், வயது கூடியவர் என்று குறித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் மத்திய கிழக்கிலிருக்கும் மகனோடு தினமும் வீடியோவில் பேசுபவள் அவள்!

ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1989 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கருவியை மனிதர் ஏற்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்பது அது. தனக்கு அது பயன்படும் என்ற எண்ணம் ஒன்று. அதைக் கையாளுவது இலகு என்ற எண்ணம் மற்றது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கொத்தும் அந்த வழியில் வந்ததுதான். காரியாலயத்துக் கொம்பியூட்டருக்கு அது போதும். ஆஸ்பத்திரி ஊழியரின் மனதில் இந்த இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது ஒரு கேள்வி நிற்கிறது. பிழைத்தால் சரி, பிழைக்காவிட்டால் யாருடைய தலை?

அடுத்தது வேலைப்பளு. கொம்பியூட்டர் வந்தால் வேலை குறையும் என்பார்கள். நான் கண்ட இடங்களில் இரட்டிப்பானது. கொப்பியிலும் எழுத வேண்டும், திரையிலும் எழுத வேண்டும். கொப்பியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கரண்ட் போனால் கொப்பிதானே கதி! 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே நாட்களில்தான் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை ஆஸ்பத்திரியில் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. எரிபொருள் வரிசையில் நின்றதால் டியூட்டிக்கு வர முடியாதவர்கள் இருந்தார்கள். நாட்டை விட்டுப் போன டொக்டர்மார் பலர். ஆளில்லை, ஆகவே திரையில் பார்ப்போம் என்ற பேச்சு கூடியது அப்போதுதான். பேச்சு சரி. ஆனால் ஆளில்லாத ஆஸ்பத்திரியில் அந்தத் திரைக்கு முன்னால் நோயாளியை உட்கார வைத்து, பிரஷர் பார்த்து, கெமராவைத் திருப்பிப் பிடிக்கப் போவது யார்? ஏற்கெனவே முப்பது கட்டிலுக்கு நிற்கும் அதே ஒரு தாதிதான். டேட்டாவும் அவளுடைய ரீலோட்தான்.

மூன்றாவது, மொழி. இதை எழுதுபவர்கள் குறைவு. எங்கள் பகுதி ஆஸ்பத்திரிகளில் டொக்டர்மாரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். தோட்டத்துச் சனத்துக்கும் எங்கள் ஊர் வயோதிபப் பெண்களுக்கும் தமிழ். எத்தனையோ வருடங்கள் நான் தாதியாக இருந்ததை விட மொழிபெயர்ப்பாளராக இருந்த நேரம் கூட. நேரில் என்றால் பாஷை தெரியாவிட்டாலும் டொக்டரின் கை வயிற்றில் படும். நோகும் இடத்தில் முகம் சுருங்கும். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். திரையில் அந்தப் பாதி இல்லை. தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம், “ஏங்க மிஸ்ஸி, டொக்டரய்யா டீவியில பாத்தா எங்க வலி அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு, “நான் பக்கத்தில் இருந்தால் தெரியும்” என்பதுதான் நேர்மையான பதில். அதாவது இந்த முறையில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் டொக்டரின் கையாகவும் நாக்காகவும் ஆகிவிடுகிறார். அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், அந்தஸ்தும் வேண்டும்.

இங்கே எங்கள் சமூகத்தோடும் ஒரு வார்த்தை. நான் தாதியாகப் போகிறேன் என்றபோது வாப்பாவுக்கு விருப்பமில்லை. உடுப்பு, இரவு டியூட்டி, ஊர்ப்பேச்சு. என் மூத்த நானாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். பிறகு அதே ஊரார்தான் மனைவியையோ மகளையோ வார்ட்டில் சேர்த்ததும், “எங்கட ஆள் யாரும் டியூட்டியில ஈக்கா?” என்று என்னைத் தேடினார்கள். மார்பில் கட்டி வந்த ஒரு பெண்ணைத் திரையில் காட்ட வேண்டுமென்றால், கதவை மூடி, திரைச்சீலையை இழுத்து, மறுமுனையில் வேறு யாருமில்லை என்று உறுதி செய்து, அவளுக்கு அவளுடைய மொழியில் விளக்கிச் சொல்ல ஒரு பெண் தாதி அங்கே இருக்க வேண்டும். அந்தத் தாதியை எங்கிருந்து கொண்டு வருவது? பிள்ளைகளை அந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்கிக்கொண்டே அந்தச் சேவையை எதிர்பார்ப்பது எப்படி என்று நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நோயாளியின் படம் ஓர் அமானிதம். அது ஒரு தாதியின் சொந்தப் போனில், அவளுடைய பிள்ளைகள் கேம் விளையாடும் அதே போனில், கலியாண வீட்டுப் படங்களுக்கு நடுவில் கிடப்பது சரியல்ல என்பது அவளுக்கும் தெரியும். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தால் போதுமா? இரவு இரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரியின் போன் ஒன்று மேசையில் இல்லாதபோது, தன் போனை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அவள் ஒருத்தியின் தலையில்தானே கட்டிவிடுகிறோம்!

கொரோனா காலத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2020 மார்ச் 20 இல் ஊரடங்கு போட்டார்கள். மார்ச் இறுதியில் நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டதும் அக்குறணை ஊரையே மூடினார்கள். பிரஷர், சீனி வருத்தங்களுக்குக் கிளினிக் மருந்து எடுப்போர் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர் அது. அந்த நாட்களில் நாடெங்கும் கிளினிக் மருந்துகளை வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. தபால்காரர்களும் அதில் பங்கெடுத்தார்கள். தொலைபேசியில் விசாரித்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து மருந்து கட்டினார்கள். ஓ டொக், டொக் 990 போன்ற தனியார் செயலிகளில் டொக்டரோடு பேசப் பழகியவர்களும் உண்டு. அப்போது எந்த ஊழியரும் விருப்பமில்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் மேலிடமே சொன்னது. எல்லோரும் ஒன்றாகச் செய்தோம். நோயாளிகளும் பழைய, தெரிந்த நோயாளிகள். ஊரடங்கு நீங்கியதும் பெரும்பாலான இடங்களில் மறுபடியும் பழைய வரிசைதான். அந்த ஏற்பாட்டில் நல்லதை எடுத்து நிரந்தரமாக்கியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வருபவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்செய்து, இடையில் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேச வைத்திருக்கலாம். அவசரத்துக்கு என்று செய்ததை அவசரத்தோடேயே மூட்டை கட்டிவிட்டோம்.

வேறு இடங்களில் இது நடக்காமல் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 அளவிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. அங்கே டொக்டர் இல்லை. இரண்டு வருடம் பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் கருவியால் கண்ணைப் பரிசோதித்து விவரத்தை அனுப்ப, தொலைவிலிருக்கும் டொக்டர் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். அந்த டொக்டருக்கு அதுவே அன்றைய வேலை. வேறு வேலைக்கு நடுவில் செய்யும் உபகாரமல்ல. இந்திய அரசு 2019 இல் தொடங்கிய இ-சஞ்சீவனியைத் தமிழ்நாடு பெருமளவில் உபயோகித்தது. 2020 மார்ச் 25 இல் இந்தியா தொலை மருத்துவத்துக்கு விதிமுறை வெளியிட்டபோது, எதைத் திரையில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எந்த மருந்தை எழுதக் கூடாது, பதிவை யார் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. எழுத்தில் இருப்பது ஊழியருக்குப் பெரிய தைரியம்.

எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்த 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ். அதை ஏற்க விருப்பமா என்று எந்தத் தாதியிடமும் யாரும் கேள்விக்கொத்து நீட்டியதாக எனக்கு நினைவில்லை. நம்பரை அடித்தால் ஓர் ஆள் எடுக்கிறார். வண்டி வருகிறது. அதனால் எல்லோரும் அடிக்கிறோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018 மார்ச் மாதம் திகன பகுதியில் வன்செயல் மூண்டபோது, அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவு முடக்கியது. வதந்தியைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அந்த வாரத்தில் ஈ.சீ.ஜீ. படம் போகும் பாதையும் அடைபட்டது. ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்கு வரவே பயந்த சனத்துக்கு மேல், எங்களுக்கும் கை கட்டினாற்போல் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டன. கம்பளைப் பக்கம் வெள்ளம். தொலை மருத்துவம் மிக அவசியமான நாட்கள் அவை. பல இடங்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பாதை அடைபடும்போது பேச்சும் அடைபடுமானால் என்ன பயன்? ஒரு கம்பெனியின் செயலியை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு மின்கலமும், மாற்றுத் தொடர்பும், கொப்பியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எனவே ஊழியர்களின் மனதை மாற்றுவதற்கு என்று கருத்தரங்கு வைப்பவர்களிடம் நான் கேட்பது சில சின்ன விஷயங்கள்தான். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஒரு போன் அல்லது டெப்லெட் வார்ட் மேசையில் இருக்கட்டும். படம் அதில் மட்டும் எடுக்கப்படட்டும். ஆலோசனை கேட்டதும் சொன்னதும் பீ.எச்.டீ.யில் நேரத்தோடு எழுதப்படட்டும். எழுதியவரை அது காக்கும் என்று சுற்றறிக்கை சொல்லட்டும். கிளினிக் நாளொன்றில் திரைக்கென்று இரண்டு மணித்தியாலமும், நோயாளியின் பக்கத்தில் இருக்க ஒரு தாதியும் ஒதுக்கப்படட்டும். அந்தத் தாதிக்கு நோயாளியின் மொழி தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, பெரியாஸ்பத்திரியில் அன்றிரவு சிறிய ஆஸ்பத்திரிகளின் அழைப்புக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது ரோஸ்டரில் பெயரோடு இருக்கட்டும். அந்தப் பெயரை ஒரு கடதாசியில் எழுதி, எங்கள் ஈ.சீ.ஜீ. மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். மிச்சத்தை இரவு டியூட்டிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு காலமும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.